சுக்காங்கல் கிடக்கிற மண்

அன்புள்ள சுகுணாவுக்கு,

நெதர்லாந்தில் நான் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா?

என்னோடு ஆய்வு செய்யும் மார்ட்டின் மேல் எனக்குப் பொறாமை. உன்னிடம் மறைப்பானேன்? அவன் ஊர் மண் உரத்திலுள்ள பாஸ்பேட்டைப் பிடித்து, ஓர் அளவில் நிரம்பிவிடுகிறது. சூத்திரம் போடும் கோட்டில் அவன் புள்ளிகள் அப்படியே உட்காருகின்றன. நம் கோவில்பட்டிக் கரிசலோ போடப் போடப் பிடித்துக்கொண்டே இருந்தது. கோட்டைவிட்டு விலகிய மூன்று புள்ளிகளை வயிற்றெரிச்சலில் அழித்துவிட்டேன். பேராசிரியர் பாராட்டினார்.

மண் எடுத்த அன்று நீ கேட்டது அப்புறம்தான் உறைத்தது: "ஏங்க, இந்தச் சுக்காங்கல்லயும் சேத்தா அள்ளிப் போடுதீங்க?" அந்தக் கல்லில் இருக்கும் சுண்ணாம்புதான் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிந்திருக்கிறது. மறுநாள் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. பிறகு, "அந்தப் படிவையும் கணக்கிடும் சூத்திரத்தை நீயே எழுது" என்றார்.

இப்போது மார்ட்டின் நம் மண்ணில் ஒரு பிடி கேட்கிறான். தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னும் இரண்டு கிலோ அனுப்பு. உன் பழைய சேலைத் துணியில் முடிந்து அனுப்பு. மண் ஆய்வுக்கு, துணி எனக்கு.

லேபைப் பூட்டுகிறார்கள், கிளம்புகிறேன்.

உன்,
நவநீதகிருஷ்ணன்