பட்டறை வாசல்வரை வந்த தண்ணீர்

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். என் முழங்காலையும் உன் அப்பாவின் முன்கோபத்தையும் சேர்க்காவிட்டால் முழு நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதே.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் உன்னோடு போனில் பேச ஆரம்பித்ததும் பட்டறையில் ரம்பச் சத்தம் நின்றுவிடுகிறது. உன்னிடம் பேசமாட்டார், ஆனால் நாம் பேசுவதில் ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டும் அவருக்கு. நீயும் "அப்பா பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்றால் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். உங்கள் நடுவில் மாட்டிக்கொண்டு என்னால் முழிக்க முடியாது. தாள் என்றால் நான் பாட்டுக்குப் பேசலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் பின்பக்கத்துச் சரிவில் இறங்கிய தண்ணீர் மறுபடியும் பட்டறைக்குள் புகுந்துவிட்டது. யாருக்கோ செய்து முடித்து வைத்திருந்த அலமாரிக் கதவுகள் நனைந்து, உப்பி, வளைந்துபோயின. உன் அப்பா அந்தக் கதவைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு சமையலறைக்கு வந்து, "பின்னாடி பூரா சிமென்ட் போட்டு, குழாய் வெச்சு தெருச் சாக்கடைல விட்டுடறேன். மேஸ்திரிகிட்ட சொல்லியாச்சு" என்றார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அமைதியாகச் சொன்னார். அப்படிச் சொன்னால் செய்தே தீருவார்.

நீ வீட்டைவிட்டுப் போவதற்கு முன் வரைந்து, பீரோவின் மேல் சுருட்டி வைத்துவிட்டுப் போனாயே, அந்தப் படத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். "ஒரே ஒரு மழைக்காலம் பொறுங்க. இதுல இருக்கிற மாதிரி நான் செய்யறேன். அதுக்கப்புறமும் பட்டறைக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வந்தா, மேஸ்திரிக்கு நானே டீ போட்டுக் கொடுக்கறேன்" என்றேன். "புல்லு வளர்க்கப் படிச்சவன் போட்ட படமா?" என்று கேட்டார். இயற்கையின் போக்கிலேயே நிலத்தை அமைக்கிற அந்தப் பெர்மாகல்ச்சரை நீ படிக்கப் போனதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் இன்னும் அதுதான். ஆனாலும் சரி என்றார். உன் அப்பா சொன்ன சொல் மாறாதவர். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான். அவசரப்பட்டு வாயை விட்டுவிட்டேனோ என்று இப்போது இருக்கிறது. இருந்தாலும் பின்வாங்கப் போவதில்லை.

படத்தின் தலைப்பில் "முதலில் பார். ஒரு மழையாவது பார்க்காமல் மண்வெட்டியைத் தொடாதே" என்று எழுதியிருக்கிறாய். என்னைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். கோடையில் எதிர்பாராமல் ஒரு மழை அடித்தது. குடையைப் பிடித்துக்கொண்டு சமையலறைப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் நேராக வரும் என்றல்லவா இத்தனை வருடம் நினைத்திருந்தேன்? அப்படி இல்லை. மேல்தெருவிலிருந்து மதில் ஓட்டை வழியாக நுழைந்து, கொய்யா மரத்தைச் சுற்றி வளைந்து, அப்புறம்தான் வேகம் பிடித்துப் பட்டறை மேல் மோதுகிறது. ஓடிய இடமெல்லாம் குச்சி நட்டு வைத்தேன். உன் அப்பா ஜன்னல் வழியாக, "மழைல உக்காந்து என்ன வேடிக்கை?" என்று கேட்டார். வேடிக்கை பார்ப்பதுதான் முதல் வேலை என்று சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

உன் படத்தில் ஒரு தப்பு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடிக்கடி தேவைப்படுவது கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறாய். ரொம்பச் சரி. நான் நடக்கும் வழிக்கு நீலக்கோடும் அப்பா நடக்கும் வழிக்குச் சிவப்புக்கோடும் போட்டு, என் கீரைப்பாத்தியை முன்வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாய். கண்ணு, நான் எப்போது முன்வாசலால் போனேன்? மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. மற்ற நேரமெல்லாம் துணி துவைக்க, பாத்திரம் கழுவ, குப்பை கொட்ட, உன் அப்பாவுக்கு டீ கொண்டுபோக எல்லாம் பின்வாசல்தானே? முன்வாசலால் போய்வந்து கொண்டிருந்தவன் நீதான், பட்டறையைத் தாண்ட வேண்டாம் என்று. அதே காலோடு என் கோட்டையும் போட்டுவிட்டாய். பாத்தியைப் பின்படிக்கு மாற்றிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இன்னொரு பொருமல். "ஒவ்வொன்றும் இரண்டு வேலையாவது செய்ய வேண்டும்" என்று எழுதியிருக்கிறாயே, அதில் அம்மாவும் சேர்த்தியா?

பட்டறையில் மரத்தூள் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. எதுவும் வீணில்லை என்று நீ சொன்னபடி, அதையெல்லாம் பாத்தி மண்ணோடு நன்றாகக் கலந்து கத்தரி நட்டிருக்கிறேன். இனி நீயே மெச்சுவாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நினைத்த காரியமெல்லாம் வேர் பிடிக்கட்டும்.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா

*

என் கண்ணுக்கு,

உன் பதில் வந்தது. நான் நாலு பக்கம் எழுதினால் நீ நாலு வரி எழுதுகிறாய். அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய்.

கத்தரிச் செடியெல்லாம் மஞ்சளாகி, காமாலை கண்ட மாதிரி நிற்கிறது என்று நடுவில் ஒரு கார்டு போட்டிருந்தேன் அல்லவா? தூள் மட்கும்போது மண்ணில் செடிக்கு இருக்கும் சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும், உள்ளே கலக்கக்கூடாது, மேலே பரப்ப வேண்டும் என்று நீ சொன்ன பிறகுதான் விளங்கியது. தச்சன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் செய்கிற தப்பு இது. வீட்டில் இருக்கிறதே என்று அள்ளிப் போட்டுவிட்டேன். மூக்குடைந்ததுதான் மிச்சம். அந்தப் பாத்திக்குப் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் வாத்து எரு வாங்கிப் போட்டேன். இரண்டு செடி தலை நிமிர்ந்திருக்கிறது. மீதித் தூளை நடைபாதையில் கொட்டிவிட்டேன். இப்போது பின்பக்கம் போனால் காலில் சேறு ஒட்டுவதில்லை. ஒட்டுப்பலகைத் தூளில் பசை இருக்கும், அதைத் தனியாக வை என்றாயே, உன் அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் பட்டறையில் இரண்டு மூட்டை தனித்தனியாக நின்றது. யார் பிரித்தார் என்று நான் கேட்கவில்லை.

இனிதான் பெரிய சேதி. சரிவின் நடுவில் குறுக்கே வெட்டச் சொன்ன வாய்க்காலை ஆரம்பித்தேன். தண்ணீரை ஓடவிடும் வாய்க்கால் இல்லை, நிற்கவிடும் வாய்க்கால் என்று எழுதியிருக்கிறாய். ஆகையால் ஒரு மூலை முதல் மறு மூலை வரை ஒரே மட்டமாக இருக்க வேண்டும். மட்டம் பார்க்க நீ வரைந்த கருவியை நானே செய்தேன். இரண்டு சட்டத்தைத் தலையில் சேர்த்து, நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் அடித்து, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டேன். ஆணி ஒரு பக்கம் போனது, சட்டம் ஒரு பக்கம் போனது. அதைத் தூக்கிக்கொண்டு சரிவில் நான் நடந்ததைப் பார்த்து டீச்சரம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார்.

உன் அப்பா டீ குடிக்க வெளியே வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். முகம் போன போக்கைச் சொல்ல வேண்டுமே! "என்ன இது?" என்றார். மட்டம் பார்க்கிற சட்டம் என்றேன். "மரத்த இப்படியா அவமானப்படுத்துவாங்க? இத எவனாவது பார்த்தா, நான் செஞ்சதுன்னு நினைச்சுக்க மாட்டானா?" என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அழுகை வந்துவிட்டது எனக்கு. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் படியில் ஒரு புதுச் சட்டம் சாய்த்து வைத்திருந்தது. இழைத்து, மூலை இணைத்து, கல்லுக்குப் பதில் அவருடைய பித்தளைத் தூக்குக்குண்டு. தன் அப்பாவிடமிருந்து வந்த குண்டு என்று யாரையும் தொடவிடமாட்டாரே, அதே குண்டு. "எனக்கும் அந்தப் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கோணலா ஒரு பொருள் என் வீட்டுல இருக்கக்கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

அடுத்த நாள் நான் மட்டம் பார்க்கும்போது, "குண்டு ஆடி நிக்கட்டும், அவசரம் என்ன?" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. அதற்கடுத்த நாள் குரல் வாசலுக்கு வந்தது. அப்புறம் ஆளே வந்துவிட்டார். குச்சி நட்டது அவர், வெட்டியது நான். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட்டு அதில் பூசணியும் பயறும் நட்டிருக்கிறேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நீ வட்டம் போட்ட இடத்தில் பள்ளமும் தோண்டியாகிவிட்டது.

உன் படத்தில் ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. வாய்க்கால் நிறைந்தால் தண்ணீர் வெளியேற, குழாயடிப் பக்கம் வரப்பில் ஒரு வாய் வெட்டச் சொல்லியிருக்கிறாய். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்து வைக்கிற தண்ணீரை நானே எதற்கு வெளியே விட வேண்டும்? வரப்பை உயரமாகப் போட்டுவிட்டேன். சரிதானே?

மேஸ்திரி நேற்று வந்து டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார். "மழை முடிஞ்சதும் ஆரம்பிச்சிடலாம்ங்களா?" என்று அவர் கேட்க, உன் அப்பா "பார்ப்போம்" என்றார். அந்தப் "பார்ப்போம்" எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் மட்டும் விடமாட்டேன். சிமென்ட் போட்டுவிட்டால் இந்த வீட்டில் உன் கைபட்டது என்று ஒன்றும் மிஞ்சாது. அப்புறம் நீ எதைப் பார்க்க வருவாய்?

பத்திரமாக இரு. உனக்கு நல்ல மனிதர்களே எதிர்ப்படட்டும்.

அன்புடன்
அம்மா

*

என் ராசாவுக்கு,

மழை வந்துவிட்டது. வந்ததா! கொட்டித் தீர்த்துவிட்டது.

மதியம் நான் கடையிலிருந்து நனைந்துகொண்டே ஓடி வந்தேன். பின்பக்கம் போய்ப் பார்த்தால் வாய்க்கால் நிறைய தண்ணீர். ஒரு மூலை முதல் மறு மூலை வரை தட்டு மாதிரி சமமாக நின்றது. பெருமை தாங்கவில்லை. உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல் இருந்தது. ஆனால் மழை விடவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து, நான் உயர்த்திய வரப்பின் தலையைத் தொட்டது. நேர் கீழே பட்டறை. வரப்பு ஒரு இடத்தில் கரைய ஆரம்பித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மரத்தூள் மூட்டையைத் தூக்கிக் கொண்டுவந்து போட்டேன், அதுவும் சேர்ந்து சரிந்தது. பட்டறைக் கதவடியில் தண்ணீர் போவதைக் கண்ணால் பார்த்தேன்.

உன் அப்பா மண்வெட்டியோடு வெளியே வந்தார். நான் கொய்யா மரத்துப் பக்கம் கை காட்டி, "இங்க வெட்டுங்க, இங்க வெட்டுங்க" என்று கத்தினேன். "அங்க இல்லடி! குழாயடிப் பக்கம்தான் அவன் குறி போட்டிருக்கான்!" என்று கத்திக்கொண்டே மறுமுனைக்கு ஓடினார். முட்டி அளவு சேற்றில் நின்று வரப்பை வெட்டினார். தண்ணீர் அந்த வாய் வழியாகத் திரும்பி, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நீ வட்டம் போட்ட பள்ளத்துக்குள் இறங்கியது. பள்ளம் நிறைந்து, மீதி தெருவுக்குச் சமர்த்தாகப் போனது. வரப்பு நின்றது.

நான் நனைந்த கோழி மாதிரி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தை நான் அவருக்கு ஒரே ஒரு முறைதான் விரித்துக் காட்டினேன். அதில் அந்தக் குறி விரல் நகம் அளவு. அதை அவர் எத்தனை முறை எடுத்துப் பார்த்திருந்தால் இருட்டிக்கொண்டு கொட்டுகிற மழையில் இடம் தெரியும்? நீயே சொல்லு.

மழை விட்டதும் பயந்து பயந்து பட்டறைக்குள் போனேன். மரமெல்லாம் காய்ந்தபடி இருந்தது. ஆனால் கதவுக்கு உள்பக்கம் தரையில் ஈரம், ஒரு முறம் அகலத்துக்கு. ஒரு சொட்டு என்றல்லவா சொல்லியிருந்தேன்? இது ஒரு குடம் இருக்கும். நான் சொன்ன சொல் நான்தானே காப்பாற்ற வேண்டும்? "தண்ணி வந்துடுச்சுங்க. மேஸ்திரிய வரச் சொல்லுங்க" என்றேன்.

உன் அப்பா மூட்டையிலிருந்து மரத்தூளை இரண்டு கையாலும் அள்ளி அந்த ஈரத்தின் மேல் தூவினார். சிறிது நேரம் ஊறவிட்டார். பிறகு துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளி வெளியே நடைபாதையில் கொட்டிவிட்டு வந்து, "எங்க தண்ணி? என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். இத்தனை வருடத்தில் உன் அப்பா சொல்லி நான் கேட்ட முதல் பொய். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

மேஸ்திரி வந்தார். வாக்குத் தவறாமல் டீ போட்டுக் கொடுத்தேன். பட்டறை வாசல்படியை மட்டும் கொஞ்சம் உயர்த்திக் கட்டிவிட்டுப் போனார்.

வாய்க்கால் தண்ணீர் மூன்றாம் நாளே மண்ணுக்குள் இறங்கிவிட்டது. பூசணி வரப்பைத் தாண்டி டீச்சரம்மா மதில்மேல் ஏறிவிட்டது. வெளியேற ஒரு வழி விட்டால்தான் உள்ளே இருப்பதும் நிற்கும் என்று இப்போது புரிகிறது. இதை வாய்க்காலுக்கு மட்டும் சொல்லவில்லை. நீ போனாயே என்று புலம்பிக்கொண்டிருந்தவள் இப்போது புலம்புவதில்லை. போனது சரி. திரும்பி வருவதற்கும் ஒரு வழி வேண்டாமா?

நேற்று சாயங்காலம் உன் அப்பா படத்தைப் பட்டறை மேஜையில் விரித்து வைத்து, நான் மாற்றியதையெல்லாம் பென்சிலால் திருத்திக்கொண்டிருந்தார். என் நீலக்கோட்டைப் பின்வாசலுக்குக் கொண்டுவந்தார். கீரைப்பாத்தியைப் படிக்குப் பக்கத்தில் போட்டார். எல்லாம் முடித்துவிட்டு இரண்டு கோட்டின்மேலும் விரலை ஓட்டினார். பிறகு என்னிடம், "உனக்கு ஒரு கோடு, எனக்கு ஒரு கோடு. அவன் நடக்கிற வழி எங்க? தனக்கு ஏன் ஒண்ணும் போட்டுக்கல?" என்று கேட்டார்.

உன்னிடம் எழுதிக் கேட்கிறேன் என்றேன். "கேளு" என்றார். கேள் என்று அவரே சொன்னார், கண்ணு. நான் இட்டுக்கட்டவில்லை. பென்சிலைச் சீவி, படத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். அது அங்கேயேதான் இருக்கிறது, நானும் எடுக்கவில்லை.

வா. வந்து உன் கோட்டை நீயே போடு. நல்லபடியாக வந்து சேர். வரும்போது பின்வாசல் வழியாக வா, நடைபாதையில் தூள் போட்டிருக்கிறது, கால் வழுக்காது.

உன்
அம்மா