நாம் தைக்காத பைகள்

பெரியவனுக்கு அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவுக்கு முழங்கால் வலிகூட இப்போது மாடிப்படியில் மட்டும்தான், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

வந்த வேலையை ஏன் திருப்பி அனுப்பினாய் என்று போனில் கேட்டாயே, அன்று பட்டறையில் எல்லாரும் சுற்றி நின்றார்கள், அதனால் இப்போது சொல்கிறேன். நீ இருக்கும் நாடும் அந்த இன்னொரு பெரிய நாடும் ஒருவர் சரக்குக்கு மற்றவர் வரியை ஏற்றிக்கொண்டே போகிறார்கள் அல்லவா, இனி நம்மிடம்தான் வாங்குவார்கள் என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஏஜென்ட் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தால் நாம் வழக்கமாகத் தைக்கும் அதே தோள்பை, அந்த இன்னொரு நாட்டிலேயே முழுதாகத் தைத்து வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் பெயர்த்துணியைப் பிரித்துவிட்டு நம் நாட்டுப் பெயரை வைத்துத் தைத்தால் போதுமாம், உன் நாட்டில் வரி குறைந்துவிடுமாம். "ரெண்டு பெரிய வீட்டுச் சண்டை, நமக்கென்னக்கா, துண்டுத் துணிதானே, யாரு உத்துப் பாக்கப் போறாங்க" என்றார். உன் தங்கை விஷயம் தெரியாமல் ஒரு பெட்டியை முடித்தேவிட்டாள், பிறகு அவளே உட்கார்ந்து அத்தனையையும் பிரித்தாள், இதை எழுதமாட்டேன் என்கிறாள், எழுது என்றேன்.

எவளோ ஒருத்தி இடுப்பு ஒடியத் தைத்ததை நாம் தைத்தோம் என்று எப்படிச் சொல்வது? பிடிபட்டால் ஏஜென்ட் போனை அணைத்துவிடுவார், நாம் நிஜமாகத் தைத்த பையும் துறைமுகத்தில் கிடந்து மக்கும். முடியாது என்றேன், இனி உங்களுக்கு ஆர்டரே கிடையாது என்று பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார். மெஷின்களை மூடிவைத்த அன்று எல்லார் முகமும் தொங்கிப்போனது, பட்டன் ஓட்டை தைக்கும் நம் காஜா அக்கா மட்டும் "போகட்டும், அந்தாளு சென்ட் வாசனைக்கே எனக்குத் தலைவலி" என்று சிரிக்கவைத்தாள். மறுநாளிலிருந்து அவளும் நானும் கடை கடையாக ஏறி இறங்கினோம், இப்போது எலக்ட்ரீஷியன்களுக்குக் கருவிப்பை தைக்கிறோம், கூலி குறைவுதான், பட்டறையை மூடமாட்டேன்.

இதோடு ஒரு தோள்பை வருகிறது. வார் மூலையைத் தொட்டுப் பார், பெருக்கல் குறித் தையல் இரட்டையாக ஓடும், அது நம் கை. இந்த மாடலை நம் நாட்டில் வேறு யாரும் தைப்பதில்லை. நம் நாட்டுப் பெயரோடு இரட்டைத் தையல் இல்லாத பை நீ வேலை பார்க்கும் கிடங்குக்கு வந்தால், எங்கள் அம்மா தைத்ததல்ல என்று மேலாளரிடம் சொல்லிவிடு, வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. எங்கே நின்றாலும் தலை நிமிர்ந்து நில், நன்றாக இருப்பாய்.

உன் அம்மா

அண்ணா, பையின் உள்ஜேப்பில் பெயர்த்துணி நான் தைத்தது. இதைப் பிரிக்க வேண்டியதில்லை.