சத்தம் போடு, பேராச்சி

ஜூன் 3
நேற்றைய பாஸ்கெட்பால் மேட்சை, எங்கள் டீம் அதீபா வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தில் போனில் எடுத்திருந்தாள். அதில் முதலில் கண்ணில் பட்டது என் வாய். மற்ற நாலு பேர் வாயும் திறந்தே இருக்கிறது. என் வாய் மட்டும் ஒட்டவைத்ததுபோல. அதிகப் பாயின்ட் நான்தான் போட்டேன். அப்போதும் மூடித்தான் இருக்கிறது.

மேட்ச் பார்க்க வந்த கோவை கிளப் மேனேஜர் எங்கள் கோச் சங்கரபாண்டி சாரிடம் கேட்டாராம்: "அந்த உயரமான பொண்ணு ஊமையா?"

ஜூன் 4
அந்தக் கிளப்பின் பெண்கள் அணிக்கு மதுரையில் 22ஆம் தேதி செலக்‌ஷன். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்தால் ஒரு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம், தங்க இடம். பாஸ்கெட்பால் ஆடச் சம்பளம்! பத்தாம் வகுப்போடு நின்றவளை வேறு யார் இப்படிக் கூப்பிடுவார்கள்?

சார் சொன்னார்: "ஷூட் பண்ணுததுல உனக்குக் குறையில்ல. ஆனா கூடைக்குக் கீழ நிக்கவ நீ. கோர்ட் முழுக்க உனக்குத்தான் தெரியுது. முதுகுப் பக்கம் ஆள் வருதுன்னு நீ சொல்லலன்னா முன்னால நிக்கவளுக்கு எப்படித் தெரியும்? சத்தம் போடு, பேராச்சி."

ஜூன் 7
வரவில்லை. தொண்டைவரை வந்து நின்றுவிடுகிறது. நான் சொல்லாததால் அதீபா எதிர் அணிப் பெண்மேல் மோதி விழுந்தாள். முழங்கையில் தோல் போய்விட்டது. "ஏட்டி, வாயத் திறந்தா முத்தா கொட்டிரும்?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 10
சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்தில் அம்மாவின் துண்டுக் கடையில் இனி தினமும் நிற்க வேண்டும். கூவி விற்பது அம்மா. மடித்துக் கொடுப்பது நான்.

காலையில் கடை திறக்குமுன் மெயின் அருவியில் பெண்கள் பக்கம் போய் நின்றேன். தண்ணீர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதே கேட்காது. வாயைத் திறந்தேன். "இடது பக்கம்! பின்னால ஆளு!" எனக்கே கேட்கவில்லை. இன்னும் பலமாக. இன்னும்.

ஜூன் 13
தொண்டை கட்டிவிட்டது. நாளையும் போவேன்.

ஜூன் 16
கோர்ட்டில் சத்தம் வந்துவிட்டது! கத்தியது யார் என்று பார்க்க அதீபா திரும்பினாள். பந்து அவள் கையிலிருந்து நழுவி வெளியே ஓடியது. சார் விசில் ஊத மறந்துவிட்டார்.

ஜூன் 22
மதுரை. எல்லோரும் இங்கிலீஷில் கத்துகிறார்கள். என்னை அந்தக் கிளப்பின் கேப்டன் அபர்ணா அக்காவோடு ஆடவிட்டார்கள். இந்திய அணிக்கு ஆடியவர். அவர் பார்க்காத பக்கத்திலிருந்து ஒருத்தி வழிமறிக்க வந்தாள். என் வாயில் வந்தது: "ஏட்டி, வலது பக்கம் ஆளு!"

அவர் சட்டென்று விலகி, எதிராளி கையிலிருந்த பந்தைத் தட்டிப் பறித்துவிட்டார். யாரைப் போய் ஏட்டி என்றேன்!

இடைவேளையில் என்னிடமே வந்தார். "ஏட்டின்னா என்ன?"
"அது... எங்க ஊர்ல... கூட்டாளியளக் கூப்பிடுதது அக்கா."
"கெட்ட வார்த்தை இல்லையே?"
"இல்லக்கா."
"அப்ப நிறுத்தாதே."

ஜூன் 25
எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டார்கள்! ஜூலை 1 அன்று கோவையில் இருக்க வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். பாதிதான் வெளியே வந்தது. "சீசன் நேரத்துல கடைய விட்டுட்டா? பந்து விளையாடச் சம்பளம் குடுக்கான்னா நம்புத மாதிரியா இருக்கு? ஆவணில போ." தலையாட்டிவிட்டேன். எதுக்குட்டி ஆட்டுன, பேராச்சி?

ஜூன் 26
ஆவணிவரை அந்த இடம் காலியாக இருக்காது.

ஜூன் 28
கடையில் நல்ல கூட்டம். அம்மா ஒரு துண்டை உதறி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஓயட்டும் என்று காத்திருந்தால் இன்றும் சொல்லமாட்டேன்.

"அம்மா, நான் முப்பதாம் தேதி கோயம்புத்தூர் போறேன். ஆவணில இல்ல. முப்பதாம் தேதி."

துண்டு வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊருக்கே கேக்க மாதிரியாட்டி சொல்லுவ?"

"அன்னைக்கு மெதுவா சொன்னேன். நீ ஆவணின்னுட்ட."

அம்மா துண்டை மடித்தாள். கோணலாக மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"உங்க சித்தி மக ஸ்ரீமதி சும்மாதான இருக்கா. சீசன் முடியுற வரைக்கும் இங்கன வந்து நிக்காளான்னு கேளு."

ஸ்ரீமதிக்குப் போன் போட்டேன்.