நாற்பதாம் ஃபெம்டோநொடியின் வெப்பநிலை

மார்ச் 4, செவ்வாய். ஹாம்பர்க்.
கட்டுரை அனுப்ப இன்னும் பதினேழு நாள்கள். முதல் லேசர் துடிப்பு படிகத்தை உலுக்குகிறது. சற்றே பிந்தி வரும் இரண்டாவது துடிப்பு எலெக்ட்ரான்களை வெளியே தட்டியெடுத்து, அக்கணத்தில் அவற்றின் ஆற்றல் எவ்வளவு என்று காட்டுகிறது. நாற்பதாம் ஃபெம்டோநொடியிலேயே (ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பகுத்தால் அதில் ஒரு கூறு) எலெக்ட்ரான்களின் வெப்பநிலை 2,400 கெல்வின்! இத்தனை விரைவான சூடேற்றத்தை எவரும் அறிவித்ததில்லை. பத்து மாத உழைப்பும் இந்த ஓர் எண்ணில் நிற்கிறது.

மார்ச் 6
கோட்பாட்டுப் பிரிவின் வீப்கே லூர்ஸ் என் கட்டுரை வரைவோடு வந்தார்.
"மொயின்" என்று இவ்வூர் வணக்கம் சொன்னார். "டாக்டர் ஹார்ம்ஸ், இந்த 2,400-ஐ யார் குடுத்தாங்க?"
"வளைகோட்டுப் பொருத்தம். அளவீட்டுப் புள்ளிகள்மேல் வெப்பநிலை வளைகோட்டைப் பொருத்தினேன்."
"அது நம்ம கேன்டீன் வரிசைக்கும் ஒரு வெப்பநிலை சொல்லுமே! எலெக்ட்ரானுங்க ஒண்ணோட ஒண்ணு மோதி, ஆற்றலைப் பங்குபோட்டாத்தானே வெப்பநிலைன்னு ஒண்ணு? நாப்பதாவது ஃபெம்டோநொடியில அதுங்களுக்குள்ள இன்னும் அறிமுகமே ஆகலையே."
வரைவின் ஓரத்தில் பென்சிலால் 'வெப்பநிலை பிறப்பது: சுமார் 200 ஃபெம்டோநொடியில்' என்று எழுதிவிட்டுப் போனார்.

மார்ச் 7
வேலை ஓடவில்லை. லூர்ஸ் சொல்வது தவறு என்று எங்கே காட்டுவேன்? சேர்ந்து வேலை செய்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு தடவைகூட முடிந்ததில்லையே.

மார்ச் 10, திங்கள்
அளவீட்டில் நான் வெட்டியெறிந்த பகுதியை லூர்ஸ் கேட்டார். ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கும் என் விதி நான்கு: 'வரைபடத்தில் உயர் ஆற்றல் பக்கம் நீளும் வால் வெறும் இரைச்சல், வெட்டுக.' வெட்டாமல் வரைந்தோம்.
நாற்பதாம் ஃபெம்டோநொடியில், வாலில் ஒரு மேடு.
"பாருங்க, லேசர் குடுத்த ஆற்றலைக் கையில வச்சிக்கிட்டு எலெக்ட்ரானுங்க அப்படியே முழிச்சிட்டு நிக்குதுங்க."
மேடு கரைந்து, வளைகோடு உண்மையாகப் பொருந்தியது 190-ஆம் ஃபெம்டோநொடியில்தான். கருவியைத் தொட்டே பாராதவர், பென்சிலால், நின்றபடி — 200!
"என் கட்டுரை போயிற்று" என்றேன்.
"இப்பத்தான் வந்திருக்கு. வெப்பநிலையே பிறக்காத நேரத்தை இதுவரைக்கும் யாரு பாத்திருக்காங்க? தலைப்பை மட்டும் மாத்துங்க."

மார்ச் 21, வெள்ளி
அனுப்பியாயிற்று. தலைப்பில் வெப்பநிலை இல்லை; ஆசிரியர் வரிசையில் முதலில் லூர்ஸ். விதி நான்கை என் கையாலேயே கோடிட்டு அடித்தேன்.
'நீ' என்று அழைக்கும் உரிமையை மூத்தவர்தான் தன் முதற்பெயரைச் சொல்லி முன்வந்து தர வேண்டும், அதுவே ஜெர்மன் முறை. நான் ஒன்பது ஆண்டுகள் பிந்திவிட்டேன். துறைமுகத்து மீன்ரொட்டிக் கடையில் லூர்ஸிடம் கை நீட்டினேன்: "தெட்லெஃப்."
"தெரியுமே. அறைக் கதவுலதான் எழுதியிருக்கே." கையைக் குலுக்கினார். பிறகு என் தட்டைப் பார்த்தார். வழக்கம்போல் வெங்காயத்தைப் பொறுக்கி ஓரத்தில் வைத்திருந்தேன்.
"அதையும் இரைச்சல்னு ஒதுக்காதே, தெட்லெஃப்."
தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.