கன்றிய கையும் செல்விக்கு வந்த பெயரும்

என் பிரியமான மரகதம்,

“மாமா, நான் உங்களை அடிக்கிறேனா?”

போன வாரம் நம் மருமகள் செல்வி என்னிடம் கேட்ட கேள்வி இது. ஏலக்காய் தரம் பிரிக்கும் கடைக்குப் போனவள் மத்தியானமே திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள். வகுப்பில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொன்னவன் நான். இதற்கு, “முதல்ல உள்ள வாம்மா” என்று மட்டும் சொன்னேன்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். சித்திரையில் என் கைகள் நீலம் நீலமாகக் கன்றிப்போயின. எங்கும் இடித்துக்கொண்டதாக நினைவில்லை. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். முழங்காலுக்குக் கீழே ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள். செல்விதான் பிடிவாதமாக மதுரைக்கு அழைத்துப் போனாள். ரத்தத்தில் தட்டணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன என்றார்கள். டெங்குவா என்று கேட்டேன். இல்லையாம்.

தட்டணு என்பது, ரத்தக் குழாயில் கீறல் விழுந்தால் ஓடிப்போய் அடைக்கிற பொடித் துணுக்கு. உதாரணம் சொன்னால்தான் உனக்குப் பிடிக்கும். தேவாரம் ஊர்ப் பக்கம் தோட்டங்களில் யானை புகாமல் காவல் இருக்கிறார்களே, அப்படி உடம்புக்குள்ளும் கிருமி புகாமல் காவல் உண்டு. என் காவல்காரனுக்குக் கண் மங்கிவிட்டது. தட்டணு என்கிற வீட்டுப் பசுவையே யானை என்று நினைத்து அடிக்கிறான். அதோடு விட்டானா? தட்டணுக்கள் பிறப்பது எலும்பு மஜ்ஜையில். அங்கே இருக்கிற தாய் அணுக்களையும் போய்த் தாக்குகிறான். சினை மாட்டை அடித்தால் கன்று எப்படி வரும்? இருப்பதும் அழிகிறது, புதிதாய்ப் பிறப்பதும் குறைகிறது. அவனை அடக்கி வைக்கத்தான் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

உன்னிடம் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறவன், ஊரில் யாரிடமும் சொல்லவில்லை; செல்வியையும் சொல்ல விடவில்லை. ரத்தத்தில் கோளாறு என்றாலே புற்றுநோய் என்று பேசுவார்களே என்ற கூச்சம். முழுக்கைச் சட்டை போட்டுத் திரிந்தேன். ஒரு நாள் டீக்கடையில் சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. கடைக்கார முருகேசன், என்னிடம் படித்தவன்தான், பார்த்துவிட்டான்.

“என்ன சார், எங்களுக்குக் குடுத்த அடியெல்லாம் மருமக வட்டியோட திருப்பிக் குடுக்குதா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

அந்தச் சிரிப்பு சீக்கிரமே செய்தியாகிவிட்டது. நம் பையன் மேலே எஸ்டேட்டில் இருக்கிறான், வாரக் கடைசியில்தான் இறங்கி வருகிறான். வீட்டில் நானும் அவளும் மட்டும். ஊருக்கு அது போதும். டீக்கடை பெஞ்சில் எனக்கு நகர்ந்து இடம் கொடுத்தார்கள். “சாப்பிட்டீங்களா சார்?” என்று கேட்டார்கள். நீ கண்ணை மூடிய பிறகு வெளியே யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை, மரகதம். அது எனக்கு இனித்தது. இனிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதே கேள்வியைத் தினமும் கேட்டுச் சோறு போடுகிறவள் வீட்டில் இருக்கிறாள் என்பது உறைக்கவில்லை. எழுதவே கை கூசுகிறது.

ஏலக்காய்க் கடையில் பெண்கள் முறத்தை இழுத்துக்கொண்டு அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்களாம். “வயசான மனுசனை அடிக்கிற கை, எப்படிக் கூசாம காய் பொறுக்குது பாரு” என்று ஒருத்தி காதுபடச் சொன்னாளாம். அதன் பிறகுதான் எழுந்து வந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலமே டீக்கடைக்கு ஓடினேன். நோயின் பெயரிலிருந்து மாத்திரை வரை எல்லாம் சொன்னேன். முருகேசன் என் தோளைத் தொட்டான். “விடுங்க சார். வீட்ல இப்படிச் சொல்லச் சொல்லி அனுப்பியிருக்காக. எங்களுக்குத் தெரியாதா?”

நான் வாய் திறந்தபோது நம்ப ஆளில்லை.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் டீக்கடையில் நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். காவல்காரன் உதாரணத்தையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

“உள்ள இருக்கவன் தெரியாம அடிக்கிறான் மாமா. நீங்க தெரிஞ்சே விட்டுட்டீங்களே” என்றாள். தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி, “மாத்திரை போட்டாச்சா?” என்றாள்.

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாயா? திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

சொன்னதை நம்பாதவர்களுக்குக் காட்டத்தான் வேண்டும். நாளைக் காலை செல்வியோடு அந்தக் கடைக்குப் போவேன். “வேணாம் மாமா, அசிங்கமா இருக்கும்” என்கிறாள். அத்தனை பெண்கள் முன்னால் வேட்டியை முழங்கால் வரை தூக்க எனக்கும் கூச்சம்தான். ஆனாலும் தூக்குவேன். காலில் இன்னும் மறையாத இத்தனை பொடிப் புள்ளிகளை எந்தக் கையாலும் அடித்து உண்டாக்க முடியாது. அதைக் காட்டி, அவளை அவள் இடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உனக்கு எழுதிய இதை வேறு யாராவது வாசித்தால், அவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். காரணம் தெரியாமல் தோலில் சிவப்புப் புள்ளிகள் கண்டால், அதன் மேல் ஒரு கண்ணாடி கிளாசை வைத்து அழுத்துங்கள். நிறம் மறையாமல் அப்படியே தெரிந்தால் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். யார் மேலும் பழி போடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
செல்வியின் மாமனார்.