கால் விலைக்கு வாங்கிய சாஃப்ட்வேர்

ஆடி, மூன்றாம் வெள்ளி. இரவு.

இன்று வடக்கனந்தல் முருகேசன் என் ஸ்டுடியோவில் வைத்து என்னை அடித்தார். நாளை அவர் ஊரில் தேர். அதற்காக அவர் கேட்டு நான் பதிவு செய்த அம்மன் பாட்டு கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. பதிவு செய்த சாஃப்ட்வேரின் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் லைசென்ஸைச் சரிபார்த்தால்தான் அது திறக்கும்; சரிபார்க்க இப்போது அங்கே ஆளில்லை.

"இவ்ளோ நாளா இன்னாடா பண்ணிக்கினு இருந்த?"

மைக் ஸ்டாண்டால் கீபோர்டை உடைத்தார். அடுத்த அடி என் வாயில். பல் தெறித்தது.

"கம்பெனி நிக்குமான்னு பாத்து வாங்கமாட்டியா?"

விலையைத்தான் பார்த்தேன். போன ஆடியில் கால் விலைக்கு, ஆயுளுக்கும் லைசென்ஸ் என்றார்கள். நம் ஊர்த் துணிக்கடையின் ஆடித் தள்ளுபடி மாதிரி என்று நினைத்தேன். அவர்கள் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள்.

உதடு வீங்கிவிட்டது. முருகேசன் மேல் கோபமில்லை. எனக்கும், அதை விற்றவன் வாயை உடைக்க வேண்டும். அவன் முகம்கூடத் தெரியாது.