நேராக நின்ற பிர்ச் மரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முதுகுவலி குறைந்ததா? நான் நலம். விடுதியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

இன்று ஒரு வேடிக்கை. எங்கள் வனத்தொழில் பள்ளியின் பிர்ச் தோப்பில், மற்றவை செழித்து வளர, நெருக்கமாக நின்றவற்றில் சில மரங்களை வெட்டச் சொன்னார்கள். நீங்கள் வீட்டில் செய்வதுபோல, முண்டும் முடிச்சுமாக இருந்த கோணல் மரத்தை வெட்டிவிட்டு, நேரானதை விட்டேன்.

“அடிப்பாவி! அது சுருள் பிர்ச்டி! இங்க நேரா நிக்கிறதைத்தான் வெட்டணும்,” என்றாள் அறைத்தோழி ஹில்க்கா. “டௌனோ சார் புள்ளை மாதிரி வளர்த்தது. காலையில உன்னையும் வெட்டுவாரு பாரு!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை, அப்பா. இரண்டும் ஒரே தாய்மரத்து விதைகளாம். பிறகு ஏன் ஒன்று நேராக, ஒன்று கோணலாக? கோணல் மரங்களிலும் சிலவற்றின் கட்டைக்குள்தான் விலையை உயர்த்தும் பழுப்புச் சுருள் வரிகள் இருக்குமாம். நான் வெட்டியதில் இருப்பதுபோலவும் தெரிகிறது, இல்லாததுபோலவும் தெரிகிறது. ஒரு சீவலை இதனுடன் வைத்திருக்கிறேன். நனைத்தால் வரி தெளிவாகத் தெரியுமாம்; பார்த்துச் சொல்லுங்கள்.

காலையில் சாரிடம் நானே சொல்லிவிடுவேன். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி வேண்டும்.

விடுதிக் காப்பாளரின் காலடிச் சத்தம் கேட்கிறது. என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பேருந்து நிறுத்தத்துக்கு வாருங்கள். அனுப்பாவிட்டாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள்.

உங்கள் சைமி